காரைக்குடில பிரேம் போட்ட கதை, 5க்கு 4 குடுக்கலாம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மணாலி போனப்ப நக்கர்ல ரோரிக் வாழ்ந்த வீட்டப் பாத்துட்டு ஒரு பிரிண்ட் வாங்கிட்டு வந்தேன், அது சுருட்டுனபடியே பீரோ மேல கெடந்துச்சு. ரோரிக் யாருன்னா ரஷ்யாக்காரர், 1874ல பொறந்தவரு, 1928ல குலு பக்கம் குடியேறி 1947ல சாகுற வரைக்கும் இமயமலையையே விடாம வரைஞ்சாரு. என்கிட்ட இருக்கது காஞ்சன்ஜங்கா. எங்க அப்பத்தா பாத்துட்டு "இது பிரான்மலையாடா, மேல என்ன சுண்ணாம்பு அடிச்சிருக்கு"ன்னுச்சு 😄

பிரேம் கடைக்காரர் மொதல்ல பளபளன்னு லேமினேஷன் போட்டுடலாம்னாரு, நான் வேணாம்னுட்டேன். ரோரிக் டெம்பரால வரைவாரு, ஆயில் பெயிண்ட் மாதிரி மினுக்காது, மேட்டா இருக்கும், அந்த ஊதா நெழலு மேல பளபளப்பு ஏறுனா மலை பிளாஸ்டிக் ஆயிடும். (டெம்பரான்னா பழைய காலத்துல முட்டை மஞ்சக்கருவுல நெறப்பொடியக் கொழச்சுப் பூசுறது. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் செவத்துப் பூச்சுக்கும் முட்டைதான, என்ன அது வெள்ளக்கரு.) சொன்னதக் கேட்டுகிட்டாரு. வீடு இடிச்ச எடத்துல வாங்குன பழைய பர்மா தேக்குல சட்டம், படத்தச் சுத்தி சந்தனக் கலர் மவுண்ட் அட்டை, மூலைல நகத்த விட்டாக்கூட எடவெளி தெரியல, அப்படி ஒரு வேலை. 1,850 ரூவா, தேக்குக்கு அது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல.

கொறைன்னா, கேக்காமலே கீழ இருந்த வெள்ள ஓரத்த வெட்டிட்டாங்க, படத்தோட பேரு அதுலதான் அச்சாகியிருந்துச்சு. கேட்டா "எழுத்து எதுக்குண்ணே, படந்தான முக்கியம்"ங்குறான் கடைப் பையன். செம கடுப்பு. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட், கடை பேரும் போடல.

வீட்ல பட்டாலைல, அதான் முத்தத்த ஒட்டுன கூடத்துல, மாட்டுனா இன்னொரு தலவலி, முத்தத்து வெளிச்சம் கண்ணாடில அடிச்சு மலைக்குப் பதிலா கம்பியும் வானமுந்தான் தெரியுது. போன் போட்டேன், அதே பையன் சாயங்காலம் வண்டில வந்தான். ஐயா போட்டோ எல்லாம் முன்னாடி சாஞ்சு தொங்குதுல்லண்ணே அதே மாதிரி மாட்டலாம்னு கயித்த மேல கட்டி, அடில ரெண்டு மரக்கட்ட குடுத்து சாச்சான், கண்ணாடில இப்ப தரைதான் விழுது, அது இருட்டு, அதுனால பனி தனியா தெரியுது. அதுக்குக் காசு வாங்கல, காப்பி மட்டும் குடிச்சான்.

சனிக்கெழம தர்றேன்னா செவ்வாக்கெழம போங்க.