'கோல்டு' மூட்டு என்று 85,000 ரூபாய் கேட்டால் கட்டாதீங்க: சேலம் அனுபவம்

டிஸ்சார்ஜ் ஆகி நாலு நாள்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னேபின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை. சேலத்தில் மூட்டுக்கென்றே நடத்தும் ஒரு தனியார் மருத்துவமனை, அவ்வளவு போதும்.

நோயாளி நாகலூர்ப் பக்கத்து அத்தை, வயது 64. காப்பித் தோட்டச் சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த வலது முட்டி. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "முழு மாற்றுதான்" என்றதோடு சரி. எந்த வகை என்று முடிவு செய்தது பேக்கேஜ் பேசுகிற கவுன்சிலர். டிராயரிலிருந்து தங்க நிறத்தில் ஒரு முட்டி மாதிரியை எடுத்து அத்தை கையிலேயே வைத்தார். "பிடிச்சுப் பாருங்கம்மா. சாதாரணது 15 வருஷம், இது 30 வருஷம். எங்க அம்மாவுக்கும் இதான் போட்டோம்."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தோம். பேக்கேஜுக்கு மேல் 85,000, ரொக்கமாக. பதிலுக்குத் தந்தது 'அட்வான்ஸ்' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கினால்கூட உரசிப் பார்க்கிற ஊர் இது!

வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரித்தால், தியேட்டர் குறிப்பில் ஸ்டிக்கர்கள். தொடை எலும்பு முனையில் மாட்டும் பாகம், கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் தட்டு, நடுவில் பிளாஸ்டிக் என ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்று உரித்து ஒட்டுவார்கள். உற்பத்தியாளர், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதற்கான எண்), அளவு, உலோகம் எல்லாம் அதில் இருக்கும். எங்களுடையதில் இருந்தது வெறும் கோபால்ட் குரோம், அதாவது சாதாரண மூட்டின் உலோகம். பூச்சு பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

இத்தனைக்கும் அந்தத் தங்க நிறம் தங்கமே இல்லை. டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. பெரும்பாலும் அடியில் அதே கோபால்ட் குரோம்தான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பயன்படலாம். நாளாக நாளாகத் தேய்வது நடுவிலிருக்கும் பிளாஸ்டிக். கால் நேர்கோட்டில் உட்காராவிட்டால் அது ஒரு பக்கமாகத் தேயும், எந்த உலோகம் போட்டாலும். '15 வருஷம்' என்பதும் பயம் காட்டுகிற கணக்கு. முழு மாற்று மூட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 வருஷம் தாங்குவதாக வெளிநாட்டுப் பதிவேடுகள் சொல்கின்றன.

விலையைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது: கோபால்ட் குரோம் 54,720, டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் 76,600, அதிகம் மடங்கும் 'ஹை ஃப்ளெக்ஸ்' 56,490. ஜிஎஸ்டி தனி. பிறகு தொகையில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. சாதாரணத்துக்கும் விலை கூடிய உலோகத்துக்கும் அன்றைய வித்தியாசம் 21,880 ரூபாய். இவர்கள் கறந்தது 85,000!

கேட்கப் போனோம். கவுன்சிலர், "பில்லிங்ல கேளுங்க." பில்லிங்கில், "பேக்கேஜைப் பிரிச்சுக் காட்ட முடியாது சார்." சுத்தப் பொய். இம்பிளான்ட், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டின் விலையை பிராண்ட், உற்பத்தியாளர், லாட் எண்ணோடு தனியாகக் காட்ட வேண்டும் என்பது அதே 2017 உத்தரவு. ஸ்டோரில், "ஸ்டாக் இல்லன்னா சமமானது போடுவாங்க." டாக்டர் மூன்று நாளும் தியேட்டரில். கடைசியில் போனில், "கால் மடங்குதுல்ல? அப்புறம் என்ன பிரச்சினை?" மடங்குகிறது. 85,000 எங்கே?

எந்த முட்டி யாருக்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்து, ஏசிஎல் லிகமெண்ட் (முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் நார்) நன்றாக இருந்தால், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மாற்று போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள், கவுன்சிலரிடம் அல்ல.

ஹை ஃப்ளெக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் தராதீர்கள். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதை ஒட்டித்தான் பின்னும் மடங்கும்.

பிராண்டும் உலோகமும் எழுத்தில் வராமல் பணம் கட்டாதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

புகாருக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் நடத்தும் 'ஃபார்மா ஜன் சமாதான்' தளமும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன.

ஸ்டிக்கர் பக்கத்தை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். எங்களிடம் இப்போது 'ஒரு என்ட்ரி போடணும், ஃபைலைக் கொண்டு வாங்க' என்கிறார்கள்.