வாடகை கேரவனுக்குப் பின்னால் காரை இழுப்பதா, தனியாக ஓட்டி வருவதா?

கிருஷ்ணகிரியிலிருந்து வாடகை கேரவனில் ஒகேனக்கல், ஏற்காடு என்று குடும்பத்தோடு கிளம்பினால் சொந்தக் காரும் கூட இருப்பது நல்லதுதான். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் குறுகலான சாலைகளில் காரில் சுற்றலாம். அந்தக் காரை டிரெய்லரில் ஏற்றி இழுப்பதா, வீட்டில் ஒருவர் பின்னால் ஓட்டி வருவதா?

இழுத்தால் ஒரே டிரைவர் போதும். ஆனால் கேரவன் கூடுதலாக டீசல் குடிக்கும். சக்கர அச்சுகள் கூடுவதால் சுங்கக் கட்டணமும் கூடலாம்.

எனக்குப் பெரிய கவலை தொப்பூர் கணவாய்தான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகளால் நடந்த விபத்துகள் எத்தனை! சின்ன கார்கூட டிரெய்லரோடு சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அத்தனை எடையும் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்கெனத் தனி பிரேக் இல்லையென்றால் அங்கே இறங்கவே கூடாது. எடை பின்பக்கம் விழும்படி காரை ஏற்றினால், வேகம் கூடும்போது டிரெய்லர் இரண்டு பக்கமும் அலைய ஆரம்பிக்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளிலும் இதே கதைதான். அப்புறம், ரிவர்ஸ் எடுப்பது புதியவர்களுக்குப் பெரும்பாடு.

தனியாக ஓட்டினால் இன்னொரு டிரைவரும் எரிபொருளும் வேண்டும், அவ்வளவுதான். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் கார் உடனே தருமபுரிக்குத் திரும்பலாம்.

என் ஓட்டு இதற்கே. இழுத்தே ஆக வேண்டுமென்றால், வண்டிக்காரரிடம் அதற்கு அனுமதி உண்டா, இன்சூரன்ஸ் டிரெய்லருக்கும் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.