மோட்டார் ஹோமில் கனமான சமையல் பொருட்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

மெல்பர்னில் வசிக்கும் நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் படுக்கையும் சமையலறையும் உள்ளேயே கொண்ட வண்டியான மோட்டார் ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அதன் மொத்த எடை வரம்பு 4,495 கிலோ. ஆஸ்திரேலியாவில் சாதாரணக் கார் உரிமம் வைத்திருப்பவர் 4.5 டன் வரையிலான வண்டியை ஓட்டலாம் என்பதால், பல வண்டிகள் இந்த வரம்புக்குள்ளேயே கட்டப்படுகின்றன.

எங்கள் சமையல் கனமானது. பத்து கிலோ அரிசி, ஐந்து கிலோ துவரம்பருப்பு, ஒரு தகர டின் நல்லெண்ணெய், வார்ப்பிரும்புத் தோசைக்கல், குக்கர், இட்லிப் பானை ஆகியவை இல்லாமல் நீண்ட பயணம் புறப்படுவதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை நல்லர்பார் சமவெளி வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரத்துக்குப் பெரிய கடை கிடையாது. மாநில எல்லைச் சோதனையில் பெரும்பாலான காய்கறி, பழங்களையும் தேனையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், அந்தப் பாதையில் போகிறவர்கள் உலர் பொருட்களையே அதிகம் நம்பியிருக்க நேர்கிறது. குடிநீரும் சேர்ந்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ கூடும்.

முதல் ஆண்டில் வீட்டுச் சமையலறையின் ஒழுங்கையே வண்டிக்குள்ளும் கொண்டுவந்தோம். பருப்பு டப்பாக்கள் மேல் அலமாரியில், பாத்திரங்கள் கீழ் டிராயரில். சரளைச் சாலையின் இடைவிடாத அதிர்வில் மெல்லிய பலகையில் முறுக்கப்பட்டிருந்த திருகுகள் மெல்ல நெகிழ்ந்து, மேல் அலமாரி சுவரிலிருந்து விரலளவு விலகியிருப்பதை ஒரு மாலை கவனித்தபோதுதான் அதன் ஆபத்து உறைத்தது. அதற்குக் கீழேதான் பிள்ளைகளின் இருக்கை.

அடுத்தது டிராயர். எங்கள் வண்டியில் அடுப்படி ஓட்டுநர் பக்கச் சுவரை ஒட்டி, அதாவது வலப்புறம் இருக்கிறது. டிராயர்கள் நடைபாதையை நோக்கி இடப்புறமாகத் திறக்கும். இங்கே ரவுண்டானாவை வலமாகச் சுற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிருக்கும் பாரம் டிராயரைத் திறக்கும் திசையிலேயே தள்ளுகிறது. அப்படி ஒரு திருப்பத்தில் கொண்டி விடுபட்டுத் தோசைக்கல் தரையில் விழுந்தது. கொண்டிதான் பலவீனம் என்று எண்ணி வலுவானதாக மாற்றினேன். இரண்டு மாதம் கழித்துக் கொண்டி அசையாமல் நிற்க, டிராயரின் முகப்புப் பலகையே பிய்ந்துகொண்டு வந்தது.

மூன்று ஆண்டுகளில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: கொண்டி கதவை மூடி வைப்பதற்கானது, பாரத்தைத் தாங்குவதற்கானது அன்று. கனமான பொருள், வண்டி நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன்பே ஏதேனும் உறுதியான ஒன்றின்மேல் சாய்ந்திருக்க வேண்டும். நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தாலும் அது நகர்ந்து வேகம் பிடித்து இடிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி ஒரு மீட்டருக்குள் நின்றால், ஆறு கிலோ பாத்திரம் ஏறத்தாழ அறுபது கிலோ எடைக்குரிய விசையுடன் முன்னே பாய முயலும் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகு, இதில் அலட்சியம் காட்ட மனம் வரவில்லை.

இப்போது அரிசி, பருப்பு, எண்ணெய் டின் மூன்றும் சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில், தரைமட்டத்தில், முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே இருக்கின்றன. அரிசியை ஒரே மூட்டையாக வைக்காமல் இரண்டு கிலோப் பைகளாகப் பிரித்துப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்குகிறோம். தீரத் தீர ஏற்படும் இடைவெளியில் மடித்த துண்டுகளைத் திணிக்கிறோம். தோசைக்கல் தடித்த துணியுறைக்குள், குறுகிய மரச்சட்டத்தில் செங்குத்தாக நின்று, வார்ப்பட்டையால் கட்டப்பட்டிருக்கிறது. அலுமினியக் குக்கரையும் எவர்சில்வர் பாத்திரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக வெறுமனே வைத்தால் அதிர்வில் உரசிக் கரும்பொடி உதிர்கிறது. இடையே துணி அவசியம். மேல் அலமாரியில் அப்பளம், சேமியா, தேயிலை மட்டுமே.

பின்பக்கப் பெட்டி பெரியதாயிற்றே, அங்கே வைக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அச்சுகளுக்கிடையே நான்கு மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால் 60 கிலோ வைத்தால், பின் அச்சின்மேல் 90 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து 30 கிலோ குறையும். திசைமாற்றும் சக்கரங்கள் இலகுவாவதை ஈரச் சாலையில் நான் உணர்ந்திருக்கிறேன். ஆகவே அங்கே மடக்கு நாற்காலிகள்தாம்.

தரைமட்டத்தில் அடுக்குபவர்கள் காற்றுத்துளைகளை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்து தேங்கி அத்துளைகள் வழியேதான் வெளியேறும். எங்கள் அரிசிப் பெட்டி ஓராண்டுக்கும் மேல் அப்படியொரு துளையை மூடிக்கொண்டிருந்ததை, பழுதுபார்க்க வந்தவர் சுட்டிக்காட்டிய பிறகே அறிந்தோம்.

தண்ணீர்த் தொட்டியையும் சமையல் பொருட்களையும் நிரப்பி, எல்லோரும் ஏறி அமர்ந்த நிலையில் எடைமேடையில் நிறுத்தியபோது வரம்புக்கு 70 கிலோ மட்டுமே மிச்சமிருந்தது. பதினொரு கிலோ எடையுள்ள டேபிள் டாப் கிரைண்டரை அன்றே வீட்டில் இறக்கி வைத்தோம். மாவை அரைத்து இறுக மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் எடுத்துச் செல்கிறோம்.