நியூட் தொட்டி: ஆறு வருடம், மூன்று மூடி

ஃபயர் பெல்லி நியூட் இரண்டை ஆறு வருடமாக வளர்க்கிறேன். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்கு உறவான நீர்நில உயிரி. வாங்கும்போது, "தண்ணீரிலேயேதான் கிடக்கும், மூடியைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார்கள். மூன்றாம் நாள் காலை பார்த்தால் தொட்டியில் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்று பீரோவுக்கு அடியில், தூசியும் தலைமுடியும் ஒட்டிக் காய்ந்த சுள்ளி மாதிரிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். எதற்கும் பார்ப்போம் என்று, குளோரின் நீக்கிய தண்ணீரை ஒரு டப்பாவில் விரல் கனத்துக்கு ஊற்றி அதில் விட்டேன். மூச்சு விடத் தலை வெளியே இருக்கவேண்டும், ஆழம் கூடாது. அரை மணி நேரத்தில் தொண்டை துடித்தது. அப்புறம் கையை நன்றாகக் கழுவினேன். நியூட்டின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நாய், பூனை உள்ள வீட்டில் இது தப்பினால் ஆபத்து இரண்டு பக்கமும்தான்.

மரத்தவளைக்கு இருப்பதுபோல ஒட்டும் விரல்நுனி இதற்குக் கிடையாது. நகமும் இல்லை. ஈரமான வயிறும் பாதமும் கண்ணாடியில் படியும்போது நடுவில் நிற்கும் நீர்ப்படலமே பிடித்துக்கொள்கிறது. நனைந்த காகிதம் ஜன்னலில் ஒட்டுமே, அப்படி. குட்டிகளுக்கு எடையே இல்லை என்பதால் பல்லி மாதிரி நேராக ஏறும். பெரியவை, நான் பார்த்தவரை, மூலையைத்தான் தேடும். இரண்டு கண்ணாடி சேரும் சிலிக்கான் ஓரத்தில் உடம்பை இரு பக்கமும் அழுத்தியபடி மெதுவாக மேலே போகும். தண்ணீர் மட்டத்தை ஒரு சாண் குறைத்தது கொஞ்சம் உதவியது.

முதல் மூடி தொட்டியோடு வந்த பிளாஸ்டிக். ஃபில்டர் குழாய்க்காகப் பின்னால் வெட்டியிருந்த இடைவெளிதான் வாசல். அதில் ஸ்பாஞ்ச் அடைத்தேன், முட்டித் தள்ளிவிட்டன. இரண்டாவது முழுக் கண்ணாடி. தப்பவில்லை, ஆனால் காற்றோட்டம் போயிற்று. உள்ளே ஆவி படிந்து கண்ணாடி முழுக்க ஈரமானதால் ஏறுவது இன்னும் சுலபமாகிவிட்டது! தண்ணீரும் 24 டிகிரியைத் தொட்டது. இவற்றுக்கு 20-க்குள் இருந்தால்தான் நல்லது. மூன்றாவது, சட்டம் போட்ட ஸ்டீல் வலை, நான்கு பக்கமும் கிளிப். நான்கு வருடமாக ஒருமுறைகூடத் தப்பவில்லை. குறை என்றால், ஏர் டியூப் நுழையும் ஓட்டையைத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் பார்க்கவேண்டும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

மூடி மட்டும் போதாது. ஒருமுறை ஃபில்டர் நின்றுபோய், கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறியபோது, இரண்டும் இரவெல்லாம் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றியதும் தாமாகவே இறங்கின. நியூட்டுக்கு உறவான, ஏறுவதே தெரியாத ஆக்சோலாட்ல்கூடத் தண்ணீர் கெட்டால் துள்ளி வெளியே விழும்.

போன மாதம் ஒரு கிளிப் உடைந்தது. வேறு கிடைக்கும்வரை அங்கே ஒரு கூழாங்கல்லை ஏற்றி வைத்திருக்கிறேன். அவை தினமும் ஏறிப் பார்க்கிற மூலையும் அதுதான்.