வேலையில் இருந்துகொண்டே தொடங்குவதா, விட்டுவிட்டுத் தொடங்குவதா: சட்டச் சிக்கல் எதில் அதிகம்?

பார்த்த வேலையையே சொந்தத் தொழிலாக ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் பயப்படுவது ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஒரு வரிக்குத்தான்: விலகிய பிறகு இத்தனை வருடம் போட்டித் தொழில் செய்யக் கூடாது. இந்தியாவில் அந்த வரி பெரும்பாலும் கோர்ட்டில் நிற்காது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே சொல்கிறது. 1980-இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில், வெளியேறிப் போட்டித் தொழில் தொடங்கிய முன்னாள் ஊழியருக்குத் தடை போட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, பயப்பட வேண்டிய இடம் வேறு. வழிகள் மூன்று, அவற்றில் எந்த வழியில் வெளியே வருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வழி, சம்பளம் வாங்கிக்கொண்டே பக்கத்தில் ஆரம்பிப்பது. வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு இதன் ஈர்ப்பு புரிகிறது, ஆனால் 27-ஆவது பிரிவின் பாதுகாப்பு இங்கே வராது. வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்று 1967-லேயே செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு மறைக்கவும் முடியாது: ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் பதிவான தேதி யாருக்கும் தெரியும், கம்பெனியாகப் பதிந்திருந்தால் அந்தத் தேதியும் அரசுத் தளத்தில் கிடைக்கும். நோட்டீஸ் பீரியட் முடிவதற்கு முந்தைய தேதி அங்கே இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, ராஜினாமா செய்துவிட்டு, போகும்போது கஸ்டமர் பட்டியலையும் விலைப் பட்டியலையும் எடுத்துப் போவது. மூன்றில் மோசமானது இதுதான், நிறைய பேர் சாதாரணமாகச் செய்வதும் இதைத்தான். கடைசி வாரத்தில் ஒரு எக்செல் ஃபைலை ஆபீஸ் மெயிலிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பியிருப்பார்கள், அனுப்பிய தேதி, நேரம், ஃபைல் பெயர் எல்லாம் கம்பெனி சர்வரில் அப்படியே இருக்கும். 1995-இல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், தொகுத்து வைத்த கஸ்டமர் பட்டியலுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் ஊழியருக்குத் தடை போட்டது. அனுமதியில்லாமல் டேட்டாவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வரும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது விஷயம் சிவில் கோர்ட்டைத் தாண்டி போலீஸ் ஸ்டேஷன் வரை போகலாம். பழகிய அனுபவமும் கற்ற திறமையும் உங்களுடையவை, அதை யாரும் பிடுங்க முடியாது. ஃபைல் உங்களுடையது இல்லை.

கூட வேலை பார்த்தவர்களை இழுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக விளம்பரம் கொடுத்து, அவர்களாகப் பார்த்து விண்ணப்பித்தால் அது ஆள் இழுப்பு ஆகாது என்று 2006-இல் விப்ரோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்பிக் கூப்பிட்டால் கதை வேறு.

மூன்றாவது வழி, நோட்டீஸ் பீரியடை முழுசாக முடித்து, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிய பிறகு பதிவு செய்வது. சில மாதம் வருமானம் இருக்காது, அது உண்மையான வலி. செட்டில்மென்ட் பணத்தை இழுத்தடிப்பார்கள், வக்கீல் நோட்டீஸும் வரலாம், ஆனால் அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கும். நான் இதைத்தான் சொல்வேன். கையில் பணம் இல்லை என்றால் தொடங்குவதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள், முதல் வழிக்குப் போகாதீர்கள்.

இதெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்குத்தான். பார்ட்னராக இருந்து பிரிந்தவர்களுக்கும், தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவர்களுக்கும் கணக்கே வேறு: அங்கே நியாயமான அளவில் போட்ட போட்டித் தடை செல்லும் என்று சட்டமே சொல்கிறது, அவர்கள் கையெழுத்திட்ட பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் ஒரு அடி கூட எடுத்து வைக்கக் கூடாது.