நாட்டுக்கோழிப் பேனுக்கும் செள்ளுக்கும் டெல்டாமெத்ரின்: ஒரு மதிப்பீடு

கால்நடை மருந்துக்கடைகளில் சிறு புட்டிகளில் கிடைக்கும் டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லித் திரவத்தை, மேயவிட்டு வளர்க்கும் எங்கள் நாட்டுக்கோழிகளுக்குப் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். பேனுக்கு இது நல்ல மருந்து. கூட்டில் ஒளிந்திருக்கும் செள்ளு என்னும் சிற்றுண்ணிக்கு, பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தே பலன் தரும். கொண்டையில் ஒட்டியிருக்கும் தெள்ளுக்கும் கால் செதிலுக்கு அடியில் புகும் சிற்றுண்ணிக்கும் இதை நம்பி இருக்க முடியாது.

நான் வாங்கியது ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம் மருந்து கொண்ட வகை. கால்நடை மருத்துவர் சொன்னபடி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து, வெயில் ஏறும் காலை வேளையில், தலை நனையாதபடி கோழியைக் கழுத்துவரை முக்கி எடுத்தோம். ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும்தான் பேன் மொய்க்கும் என்பதால், அங்கெல்லாம் இறகை விலக்கித் தோல்வரை நனைக்க வேண்டும். மறுநாளே கோழிகள் ஓயாமல் கோதிக்கொள்வது குறைந்தது. ஆனால் இறகின் அடித்தண்டில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருக்கும் ஈர்கள் இதற்கு எளிதில் சாவதில்லை. அவை 4 முதல் 7 நாட்களில் பொரிந்து, ஏறத்தாழ 3 வாரத்தில் முழுப் பேனாகிவிடும். ஆகவே 10 முதல் 14 நாட்களுக்குள் மறுமுறை முக்காவிட்டால் முதல் முறை செய்ததும் வீண்.

செள்ளின் கதை வேறு. இரவில் மட்டும் கோழியின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, பகலில் பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கிலும் மண்சுவர் வெடிப்பிலும் அடைப்பெட்டியின் மூலையிலும் அது ஒடுங்கிக்கொள்கிறது. இரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடிய அதை, பகலில் கோழியை முக்கி எடுப்பதால் என்ன செய்துவிட முடியும்? கோழி உண்ணியும் இப்படி வெடிப்புகளில் வாழ்வதுதான்; அது ஸ்பைரோகீட்டோசிஸ் என்னும் காய்ச்சலையும் பரப்பும். அடைக்கோழி முட்டைகளைக் கைவிட்டு எழுந்து போனால், முதலில் அந்தக் கோழி இருந்த வைக்கோலைப் புரட்டி, செள்ளு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வைக்கோலை எரித்து, கோழிகளை வெளியேற்றி, இடுக்குகளில் மருந்தைத் தெளித்துக் காயவிட்ட பிறகுதான் எங்கள் கூடு அடங்கியது. அடைப்பெட்டியில் நொச்சி இலை பரப்பும் வழக்கத்தையும் நாங்கள் விடவில்லை. ஆனால் செள்ளு பெருகிவிட்ட கூட்டில் அது மட்டும் போதாது.

தலையை நனைக்கக் கூடாது என்பதால், கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் பதிந்திருக்கும் தெள்ளுக்கு மருந்து எட்டுவதே இல்லை; அங்கு வாசலின் களிம்பு தடவுவது நல்லது. சிற்றுண்ணி புகுந்து செதில் தூக்கிய கால்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்தோல் இளகியதும் எண்ணெய் தடவி வர வேண்டும்.

மருந்தைவிட அதன் அட்டையில்தான் எனக்குக் குறை. மாடு, ஆடுகளுக்கான அளவு மட்டுமே இருக்க, கோழியைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. இருப்பதும் பொடி எழுத்து ஆங்கிலத்தில். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு கிழவி இதை எப்படிப் படிப்பார்? அளவு கூடினால் குஞ்சுகளுக்கு ஆபத்து. முட்டையை எத்தனை நாள் உண்ணாமல் தவிர்ப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. மீந்த கரைசலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. மீன்களுக்கும் தேனீக்களுக்கும் இது கொடிய நஞ்சு.