பழைய போர்ஷே பாக்ஸ்டர் எஸ்: வாங்கியபோது பார்த்ததும் வாங்கியபின் செலவானதும்

இங்கிலாந்தில் புதிதாக விற்பனைக்கு வந்த காலத்தில் 40,000 பவுண்டை நெருங்கிய விலையில் இருந்த, இரண்டு இருக்கை கொண்ட திறந்த கூரைக் காரான போர்ஷே பாக்ஸ்டர் எஸ், இன்று பத்தாயிரம் பவுண்டுக்கு உள்ளேயே கிடைக்கிறது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே ஒழிய, அதன் உதிரிபாகங்களின் விலையும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் மணிக்கூலியும் இறங்கவில்லை. இந்த ஒரு கணக்கை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் சமாளிக்கக்கூடியவையே என்பது, லெஸ்டரில் இருந்துகொண்டு இந்தக் காரைச் சில ஆண்டுகளாக ஓட்டிவரும் என் அனுபவம். என்னுடையது 987 என்ற உள்பெயர் கொண்ட இரண்டாம் தலைமுறை மாடல், 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 280 குதிரைத்திறன், ஆறு கியர், 2006 ஜனவரியில் பதிவானது.

அந்தப் பதிவுத் தேதியைத் தேடித்தான் வாங்கினேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பாக்ஸ்டர் என்றதும் எல்லோரும் பயமுறுத்தும் ஐஎம்எஸ் பேரிங். கிராங்க் தண்டின் சுழற்சியை கேம் தண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் இடைத்தண்டு ஒன்று (ஐஎம்எஸ் என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) இந்த இன்ஜினுக்குள் ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் உடைந்தால் வால்வுகளின் நேரக்கணக்கு தவறி, இன்ஜின் முழுவதுமே பழுதாகிவிடும். அமெரிக்காவில் இதன்பேரில் தொடரப்பட்ட குழு வழக்கு, 2001 முதல் 2005 வரையிலான குறிப்பிட்ட பாக்ஸ்டர் கார்களுக்கும் போர்ஷே 911 மாடல் கார்களுக்குமாக 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2006 மாடல் ஆண்டுக்குள் போர்ஷே பெரிய பேரிங்குக்கு மாறிவிட்டது. அது உடைவது அரிது. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதைக் கழற்ற முடியாது என்பதால், முந்தைய கார்களில் செய்வதுபோல முன்னெச்சரிக்கையாக மாற்றும் வழி இதில் இல்லை. 2007 மாடலில் வந்த 3.4 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் சுவர் கீறிக்கொள்ளும் தொல்லை அதிகமாகப் பேசப்படுகிறது. 2009இல் வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டே கிடையாது, ஆனால் அந்தக் கார்களின் விலை வேறு தளத்தில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் நிற்கும் 2006இன் 3.2 லிட்டரே என் பணப்பைக்கு ஏற்றதாகப் பட்டது.

இரண்டாவது காரணம் சாலை வரி. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியிடும் கார், 2006 மார்ச் 23ஆம் தேதிக்கு முன் பதிவாகியிருந்தால் அதன் வரி கே என்ற வரிப் பிரிவுக்கு மேல் போகாது; அன்றோ அதற்குப் பின்போ பதிவாகியிருந்தால் எல் அல்லது எம் பிரிவு, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வரி. ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்யப்பட்ட இரண்டு கார்களில் ஒன்று ஷோரூமில் கொஞ்ச நாள் கூடுதலாக நின்றது என்பதற்காக அதன் சொந்தக்காரர் ஆண்டுதோறும் அதிகம் கட்டிக்கொண்டிருப்பார். எண் பலகையில், 2005 செப்டம்பர் முதல் 2006 பிப்ரவரி வரையிலான பதிவைக் குறிக்கும் 55 இருக்கும் கார் எதுவானாலும் கவலையில்லை. அடுத்த அரையாண்டுக்கான 06 என்று இருந்தால் பதிவுப் புத்தகத்தில் தேதியைப் பார்த்தே ஆகவேண்டும். அதேபோல, 55 பலகை கொண்ட கார் 2005 மாடலாகவும் இருக்கலாம் என்பதால் சேசிஸ் எண்ணின் பத்தாவது இலக்கம் 6தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு அடுத்த எழுத்து யு என்றால் கார் பின்லாந்தில் வால்மெட் நிறுவனத்தின் ஆலையில் ஒப்பந்த அடிப்படையில் செய்யப்பட்டது. எஸ் என்றால் ஸ்டுட்கார்ட். என்னுடையது யு. ஜெர்மன் கார் என்று பெருமையாகச் சொல்ல வருபவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை.

விலை ஒத்துவந்த கார்களில் ஒன்று மிகக் குறைந்த மைல் ஓடியது. இன்னொன்று எண்பதாயிரம் மைலைத் தாண்டியது. இரண்டாவதையே எடுத்தேன். முதல் காரின் எம்ஓடி சோதனை (சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கட்டாயச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் பார்த்தபோது, ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நூறு மைல் மட்டுமே கூடியிருந்த ஆண்டுகள் தொடர்ச்சியாக இருந்தன. எண் பலகையை மட்டும் வைத்து யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய இந்த வரலாறு, விற்பவர் சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும்: எந்த ஆண்டில் ஸ்பிரிங் முறிந்தது, எந்த டயர் ஓரம் தேய்ந்தது, பிரேக் குழாயில் துரு என்ற குறிப்பு எத்தனை ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது என்று எல்லாம். சும்மா நிற்கும் காரில் ரப்பர் காய்கிறது, ஆயிலில் ஈரம் சேர்கிறது, பிரேக் வட்டு உட்பக்கமாகத் துருப்பிடிக்கிறது. நான் வாங்கிய காருக்குக் கெட்டியான ஒரு கோப்பு நிறைய ரசீதுகள் இருந்தன. போர்ஷே 20,000 மைலுக்கு அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருக்கும் ஆயில் மாற்றத்தை முந்தைய உரிமையாளர் ஆண்டுதோறும் செய்திருந்தார்.

வாங்குவதற்கு முன், போர்ஷே மட்டுமே பார்க்கும் தனியார் பட்டறை ஒன்றில் சோதிக்கக் கொடுத்தேன். காரை லிப்டில் ஏற்றிப் பார்ப்பதோடு, இன்ஜின் கணினியில் பதிவாகியிருக்கும் விவரங்களையும் எடுத்துத் தந்தார்கள். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் இருக்கும். மைல் கணக்கை அந்த மணி நேரத்தால் வகுத்து வரும் சராசரி வேகம் நம்பும்படி இல்லையென்றால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தவறான கியரில் போட்டு இன்ஜினை எல்லைக்கு மேல் சுழலவிட்டிருந்தால் அதுவும், எந்த மணி நேரத்தில் நடந்தது என்பது உட்பட, பதிவாகியிருக்கும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பொருளில்லை.

இவ்வளவு பயந்து வாங்கிய இன்ஜின் எனக்கு இதுவரை தொந்தரவு தரவில்லை. பணத்தை வாங்கியவை தண்ணீர், இலைக்குப்பை, உப்பு ஆகிய மூன்றும்தான். திறந்த கூரைக் காரின் துணிக்கூரை மழைநீரை முழுவதுமாக வெளியே தள்ளுவதில்லை. கூரையின் பின்விளிம்பு வழியாக இறங்கும் நீரை ஒரு தட்டு வாங்கி, இருபுறமும் உள்ள துளைகள் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விடுகிறது. சுவிட்சை அழுத்தி, பின்மூடி மேலே எழும்பும் அளவுக்கு மட்டும் கூரையைத் திறந்து நிறுத்தினால், டார்ச் வெளிச்சத்தில் அந்தத் துளைகள் தெரியும். என் காரில் அவை தெரியவே இல்லை. மக்கிப்போன இலையும் ஊசியிலைச் சருகும் கருப்புச் சேறாக உறைந்து கிடந்தன. புல் வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நூலை மெதுவாக விட்டுக் குடைந்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது கீழே சொட்டுவதைப் பார்த்தபின்தான் நிம்மதி வந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்யப் போனால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுகொள்ளும். பிறகு நீர் நேராகக் காருக்குள் வரும். முந்தைய தலைமுறையான 986 மாடலில் திருட்டுத் தடுப்புக் கருவியின் கணினிப்பெட்டியே இருக்கைக்கு அடியில் இருப்பதால், இந்தத் துளை அடைபட்டதன் விளைவாகக் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுபோவதும் உண்டு. பார்க்கப்போகும் காரில் இருக்கையைப் பின்தள்ளிக் கம்பளத்தின் அடியில் கைவைத்து ஈரம் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

இலைக்குப்பையின் அடுத்த இருப்பிடம் முன்பம்பர். இன்ஜின் காரின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால், இரண்டு பக்க வாய்களுக்கும் பின்னால் இருக்கின்றன; அவற்றுக்கு முன்னால் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர்கள். இரண்டுக்கும் நடுவில் சேரும் ஈரச்சருகோடு குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பம்பரைக் கழற்றியபோது என் கண்டன்சரின் கீழ்மூலையை விரலால் தொட்டாலே உதிர்ந்தது. இரண்டையும் மாற்றி, வாய்களுக்குக் கம்பிவலை போட்டுவிட்டேன். தொழிற்சாலையிலேயே அந்த வலையைப் போட்டிருந்தால் எவ்வளவோ பேருக்குச் செலவு மிச்சமாகியிருக்கும். அதற்குப் பின் முன்பக்க சஸ்பென்ஷன் கைகளின் புஷ்கள் தேய்ந்து, வேகத்தடைகளில் பழங்கட்டில் போல முனகத் தொடங்கின. ஒரு காயில் ஸ்பிரிங் முறிந்தது. இக்னிஷன் காயில்களின் உறை வெடித்து ஈரநாட்களில் இன்ஜின் தடுமாறியது. காயில்களை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில்தான் கை நுழையும். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, மூடியைக் கழற்றாமல் இந்த இன்ஜினை மேலிருந்து பார்க்க முடியாது. பின் டிக்கியில் ஆயிலுக்கும் கூலண்டுக்கும் ஊற்றும் வாய்கள் மட்டும் இருக்கின்றன. ஆயில் அளவைப் பார்க்கக் குச்சி கிடையாது, திரையில் வரும் கோடுகளை நம்பவேண்டும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கியோ மின்சாரத்தால் திறப்பது. குளிர்காலத்தில் ஓட்டாமல் விட்டுப் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஃபியூஸ் பெட்டிக்குள் இருந்து வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனையில் வேறு பேட்டரியின் இணைப்பைக் கொடுத்து, கதவின் பூட்டுக்கொக்கியில் எர்த் கொடுத்துத் திறக்கவேண்டும். இதை அறியாமல் டிக்கியை நெம்பிக் கெடுத்தவர்கள் உண்டு. நவம்பர் முதல் சார்ஜர் ஒன்றை மாட்டியே வைத்திருக்கிறேன்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை என்றாலும், ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் பக்கம் மலையேறும் ஏ57 சாலையில், ஸ்நேக் பாஸ் வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே ஏறும்போது இன்ஜினின் ஓசை முதுகுக்குப் பின்னால் எழுவதை அனுபவித்தவர்கள் மேலே சொன்ன ரசீதுகளைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். கூரை பன்னிரண்டு விநாடியில் திறக்கிறது, 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டத்திலேயே திறக்கலாம். ஹீட்டரும் இருக்கைச் சூடும் இருப்பதால் வெயிலைவிட மழையின்மைதான் முக்கியம். மார்ச் மாதத்திலும் தொப்பியோடு திறந்தே ஓட்டுகிறேன். முன்னும் பின்னும் இரண்டு டிக்கிகள் இருப்பதால் ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு பேரின் துணிமணி தாராளமாகக் கொள்ளும். ஆனால் மூன்றாவது ஆள் என்று ஒருவர் இருந்தால் வீட்டில் இன்னொரு கார் இருந்தே தீரவேண்டும்.

செலவைச் சுருக்கமாகச் சொன்னால், பெட்ரோல், வரி, காப்பீடு தவிர்த்துப் பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 1,500 பவுண்டு அளவில் ஆகிறது. கண்டன்சர் மாற்றிய ஆண்டில் இன்னும் அதிகம். டயர்களில் போர்ஷே ஒப்புதலைக் காட்டும் 'N' என்ற ஆங்கில எழுத்துக் குறியீடு உள்ளவற்றையே நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையாகப் போடுகிறேன். இப்போது கிளட்ச் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கும்போதே கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலையும் மாற்றிவிடும்படி பட்டறைக்காரர் சொல்கிறார், ஏனென்றால் அந்த சீலின் விலை சொற்பம், அதை அடைவதற்கான கூலிதான் பெரிது. வரும் அக்டோபரில், கூரை திறக்கும் நாட்கள் முடிந்தபின் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லியிருக்கிறேன்.